ஸ்டியரிங்கின் பின்னால் இரண்டு காதுகள்

பொங்கலுக்குப் பேரன் சென்னையிலிருந்து தன் காரிலேயே வந்திருந்தான். ஹூண்டாய் ஐ20 என் லைன். தெருவில் நிறுத்தியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சுற்றி வந்து பார்த்தார்கள். "தாத்தா, நீங்க ஒரு தடவை உட்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். 33 வருடம் அரசுத் துறை ஒன்றில் ஓட்டுநராக இருந்தவனுக்கு எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் கை முதலில் போவது கியருக்குத்தான். கியர் தண்டு தரையில் இருந்தது. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டு சின்னக் காதுகளும் இருந்தன. ஒன்றில் கழித்தல் குறி, மற்றொன்றில் கூட்டல் குறி.

இது எனக்குப் புதிதில்லை. பேடில் ஷிஃப்டர் என்பார்கள். இடக்காதை இழுத்தால் கியர் இறங்கும், வலக்காதை இழுத்தால் ஏறும். நான் ஸ்டியரிங்கை அரைச் சுற்று திருப்பிப் பார்த்தேன். காதுகளும் கூடவே சுற்றி, இடக்காது வலப்பக்கம் போய்த் தலைகீழாக நின்றது.

"என்னப்பா, இது கூடவே சுத்துது?"

"ஆமா தாத்தா. ஸ்டியரிங்லதானே இருக்கு, சுத்தத்தானே செய்யும்."

"நான் ஓட்டின வண்டியில சுத்தாது. அது பாட்டுக்கு அதே இடத்துல நிக்கும்."

"அப்படியெல்லாம் இருக்காது தாத்தா, நீங்க வேற எதையோ சொல்றீங்க" என்று சிரித்தான். வைப்பர் சுவிட்சை நினைத்துக்கொண்டு சொல்கிறேன் என்று நினைத்திருப்பான் போல. அன்றைக்கு நான் மேலே பேசவில்லை. அவன் ஊருக்குப் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். (தட்டச்சு செய்து கொடுப்பது வழக்கம்போல மகள்.)

கியரை எங்கே வைப்பது என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். எனக்கு அப்படி இல்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

நம்மூரில் பிறந்தவர்களுக்குத் தறியைச் சொல்லாமல் எதையும் சொல்ல வராது. எங்கள் வீட்டில் குழித்தறி. அப்பா குழிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்தால், கால்கள் மிதிக்கட்டையில், இடக்கை பலகையில், வலக்கை தலைக்கு மேலிருந்து தொங்கும் கயிற்றின் பிடியில். கயிற்றைச் சுண்டினால் நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பறக்கும். நாடாவைக் கையாலேயே எறிந்து கையாலேயே பிடித்த காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733இல் இந்தப் பறக்கும் நாடாவுக்கு உரிமை வாங்கினார். அது வந்த பிறகுதான் நெய்பவரின் வலக்கை ஒரே இடத்தில் நின்றது. நான் சிறுவனாக இருந்தபோது விளையாட்டாக அந்தப் பிடியை ஒரு சாண் தள்ளிக் கட்டிவிட்டேன். அப்பா பார்க்காமலே கையை நீட்டினார், பிடி கிடைக்கவில்லை. கண் துணியை விட்டு மேலே போனது. அதற்குள் ஓர் இழை அறுந்தது. அடி விழுந்தது. "கை தேடக் கூடாதுடா" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். பிறகு நான் எந்த வண்டியில் ஏறினாலும் அந்தச் சொல் கூடவே வந்தது.

நான் ஓட்டக் கற்றது ஜீப்பில். தரையிலிருந்து ஒரு நீளத் தண்டு. அதன் அடி நேராகக் கியர் பெட்டிக்குள் இறங்கும். பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் தண்டும். ஆதி காலத்துக் கார்களில் தண்டு வண்டிக்கு வெளியே, ஓட்டுபவரின் பக்கவாட்டில்கூட இருந்திருக்கிறது. கையை வெளியே நீட்டிக் கியர் போட வேண்டும். எல்லாம் இரும்பு வைத்த சட்டம். ஓட்டுபவரின் கைக்கு எது வசதி என்று யாரும் கேட்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு அதிகாரியின் அம்பாசிடர் கைக்கு வந்தது. கை கியர். நம் வயதுக்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். ஆனால் பேரப்பிள்ளைகள் படித்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். ஸ்டியரிங் சக்கரத்தைத் தாங்கும் குழாய் இருக்கிறதே, அதை ஒட்டி இடப்பக்கமாக ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதை மேலே, கீழே, முன்னே, பின்னே தள்ளிக் கியர் போட வேண்டும். 1930களின் இறுதியில் அமெரிக்கக் கார்களில் இந்த வழக்கம் பரவியது. தரையில் தண்டு இல்லாததால் முன்சீட்டு முழுப் பலகையாக இருக்கலாம், மூன்று பேர் உட்காரலாம். நம்மூரில் மூன்று என்பது பல நேரம் நான்காகும். கல்யாண அம்பாசிடரில் முன்சீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தவர்கள் உண்டா? அம்பாசிடரின் மூலம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை செய்தது. பம்பாய்க்காரர்களின் பிரீமியர் பத்மினியும் நெடுங்காலம் கை கியர்தான்.

கை கியரில் குறை இல்லாமல் இல்லை. கியர் பெட்டி ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம். நடுவே கம்பிகள், முட்டுகள், புஷ்கள். அவை தேய்ந்தால் கியர் சிக்கிக்கொள்ளும். டிரைவர் இறங்கிப் பானெட்டைத் திறந்து, கம்பியைக் கையால் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரித் திரும்பி வந்து உட்காருவார். அந்தக் காலத்துக் கை கியர் வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கதை இது. ஆனால் ஒரு நல்ல குணம் உண்டு. ஸ்டியரிங்கை எத்தனை சுற்று சுற்றினாலும் அந்தத் தண்டு நகராது. திருமலை இறக்கத்தில் ஒரு கொண்டையூசி வளைவில் வலக்கை சக்கரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போது, இடக்கை கண்ணை மூடிக்கொண்டு போனாலும் தண்டு அங்கே இருக்கும்.

இதற்கு நேர் எதிரானது ஸ்கூட்டர். லாம்பிரெட்டாவானாலும் வெஸ்பாவானாலும் கியர் ஹேண்டில்பாரின் இடக்கைப் பிடியில்தான். கிளட்சை அழுத்திப் பிடியையே முறுக்க வேண்டும். ஹேண்டிலைத் திருப்பினால் கியரும் கூடவே திரும்பும். அதில் தொல்லை உண்டா என்றால், இல்லை. லைசென்ஸுக்கு எட்டு போடும்போது ஹேண்டில் எவ்வளவு ஒடிந்தாலும் கை பிடியை விட்டு எடுக்கப்படுவதே இல்லை. கையும் கியரும் சேர்ந்தே போகின்றன. அதனால் தேட வேண்டிய வேலையே வராது.

ஒன்று நகராமல் நின்று நல்லது செய்கிறது, மற்றொன்று கூடவே நகர்ந்து நல்லது செய்கிறது. இன்றைக்கு லட்சங்களிலும் கோடிகளிலும் விற்கும் வேகக் கார்களில் நடக்கும் சண்டை இதே சண்டைதான். நாம் அதை அம்பாசிடரிலும் லாம்பிரெட்டாவிலும் எப்போதோ பார்த்துவிட்டோம்.

நிற்க. காரணம் உண்டு என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன்.

மோட்டார் சைக்கிளில் இன்று எல்லாருக்கும் கியர் இடக்காலில், பிரேக் வலக்காலில். முன்பு அப்படி இல்லை. ஆங்கிலேய வண்டிகள் வலக்கால் கியர். நம்மூர் புல்லட்டும் 2000களில் மாறும் வரை அப்படித்தான். ஜாவா, எஸ்டி, ராஜ்தூத் எல்லாம் இடக்கால் கியர். எஸ்டியில் கியர் லீவரையே மடக்கிக் கிக்கராக உதைப்போம், ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவில் 1970களின் நடுவிலேயே கியர் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்று விதியே போட்டுவிட்டார்கள். ஏன் போட்டார்கள் என்பது எனக்கு 1983இல் புரிந்தது.

நான் எஸ்டி ஓட்டிப் பழகியவன். அன்று மைத்துனரோடு திருத்தணிக்குப் போய் நூல் வாங்கி வர வேண்டியிருந்தது. என் வண்டி ரிப்பேரில் இருந்ததால் நண்பர் ஒருவரின் வண்டியை இரவல் வாங்கினேன். அது வலக்கால் கியர். போகும்போது கவனமாகத்தான் போனேன். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மைத்துனர் பின்னால் நூல் கட்டை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு திருப்பத்தில் கரும்பு வண்டி ஒன்று குறுக்கே. வலக்கால் தானாக மிதித்தது. அது பிரேக் இல்லை, கியர். வண்டி உறுமியது, நிற்கவில்லை. சாலையை விட்டு இறங்கி முள்ளில் சாய்ந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவருக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது.

வண்டியின் மேல் குற்றமில்லை. அதை வழக்கமாக ஓட்டிய நண்பர் ஒருநாளும் தவறாக மிதித்ததில்லை. தவறு என்னுடையது. பழகாத காலோடு, அதுவும் அந்தி நேரத்தில், பின்னால் ஆளை வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

எலும்பு கூடியது. சோறு சாப்பிடலாம், கையெழுத்துப் போடலாம். ஆனால் நாடாக் கயிற்றைச் சுண்டுகிற அந்தச் சொடுக்கு மட்டும் திரும்பவில்லை. அவருக்கு அப்போது 24 வயது. இரண்டு வருடம் தார் சுற்றினார். வீட்டில் பெண்களும் பெரியவர்களும் செய்கிற வேலை அது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். பிறகு ஊரில் விசைத்தறி பெருகியபோது அதில் சேர்ந்து நிமிர்ந்தார். விசைத்தறியில் கயிற்றைச் சுண்ட வேண்டியதில்லையே. என் மனைவி இன்று வரை ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொன்னதில்லை. ஆனால் தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் காபி டம்ளரை அவர் இடக்கைப் பக்கம்தான் வைப்பாள்.

இனி காருக்கு வருவோம்.

இரும்புத் தண்டு இருக்கும் வரை கியரின் இடத்தை இரும்பு தீர்மானித்தது. தண்டுக்குப் பதில் மின்கம்பி வந்ததும் அந்தக் கட்டு அறுந்தது. பொத்தானை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். எங்கே வைப்பது என்ற கேள்வியே அப்போதுதான் பிறந்தது. முதலில் இந்தச் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு மாட்டிக்கொண்டவர்களில் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனியும் ஒன்று. 1958 மாடலாக அவர்கள் எட்செல் என்று ஒரு கார் விட்டார்கள். அதில் ஆட்டோமேட்டிக் கியருக்கான பொத்தான்களை ஸ்டியரிங் சக்கரத்தின் நட்டநடுவில் பதித்தார்கள். சக்கரம் சுற்றினாலும் நடுப்பகுதி சுற்றாமல் நேராக நிற்கும்படி உள்ளே தனியாகப் பல்சக்கரங்கள் வைத்தார்கள். மூளையைக் கசக்கித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஸ்டியரிங்கின் நடுவில் மனிதன் கை எதற்குப் போகும்? ஹார்னுக்கு. ஹார்ன் அடிக்கப் போய்ப் பொத்தானை அழுத்தினார்கள் என்று புகார். அடுத்த ஆண்டே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். நம்மூரில் அந்தக் காரை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திருத்தணி கிருத்திகைக் கூட்டத்தில் பத்து அடிக்கு ஒரு ஹார்ன் அல்லவா அடிப்போம்?

அதன் பிறகும் நெடுங்காலம் பெரும்பாலான கார்களில் கியர் தண்டிலேயே இருந்தது. மாற்றம் பந்தயத்திலிருந்து வந்தது. ஃபெராரி கம்பெனிக்கு ஃபார்முலா ஒன் கார் வரைந்தவர் ஜான் பார்னார்டு என்ற ஆங்கிலேயர். ஓட்டுபவர் உட்காரும் இடத்தைக் குறுக்கினால் காற்றைக் கிழித்துப் போவது எளிதாகும் என்பது அவர் கணக்கு. பக்கத்தில் கியர் தண்டும் அதிலிருந்து பின்னால் போகும் கம்பியும் இருந்தால் குறுக்க முடியாது. ஆகவே தண்டையே எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கின் பின்னால் இரண்டு காதுகளை வைத்தார். காதை விரலால் இழுத்தால் மின்சமிக்ஞை போய், எண்ணெய் அழுத்தம் கியரை மாற்றும். 1989 மார்ச் மாதம் பிரேசிலின் ரியோ நகரில் நடந்த பந்தயத்தில் அந்தக் கார் முதல் தடவையாக இறங்கியது. சோதனை ஓட்டங்களில் அது பாதி வழியில் நின்று நின்று போனதால் யாருக்கும் நம்பிக்கை இல்லை. நைஜல் மான்செல் ஓட்டி முதலிடம் வந்தார். அடுத்தடுத்த பந்தயங்களில் மறுபடி பழுது. ஆனாலும் 1990களின் நடுவுக்குள் ஏறக்குறைய எல்லாருமே இந்த வழிக்கு வந்துவிட்டார்கள். 2005இல் நம் கோயம்புத்தூர்ப் பிள்ளை நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் இறங்கியபோது, இரண்டு கையும் சக்கரத்தை விடாமல் விரலாலேயே கியர் போட்டார்.

காரைக் குறுக்குவதற்காக வந்தது, கையைச் சக்கரத்திலேயே நிறுத்தி வைக்கும் ஏற்பாடாக முடிந்தது. பந்தயக் காரில் அந்தக் காதுகள் சக்கரத்தோடு சுற்றுவதில் சிக்கல் இல்லை. ஏனென்றால் சக்கரமே அதிகம் சுற்றாது. ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரு முழுச் சுற்றுகூட வராது. ஓட்டுபவர் கையை மாற்றிப் பிடிப்பதில்லை, குறுக்கே பின்னிக்கொண்டு திருப்புவார். அதாவது அது ஸ்கூட்டர் ஹேண்டில் மாதிரி.

நம் சாலைக் கார் அப்படியா? ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டரை, மூன்று சுற்று. தெருமுனையில் திரும்ப ஒரு சுற்றுக்கு மேல் இழுக்க வேண்டும். கை மாற்றி மாற்றிப் பிடிக்கிறோம். அரைச் சுற்றில் இடக்காது வலப்பக்கம் வந்து நிற்கிறது. வலக்கை அதை இழுத்தால் கியர் ஏறும் என்று நினைப்போம், இறங்கும். எனக்கு 1983இல் காலில் நடந்தது, இங்கே விரலில் நடக்கும். இன்றைய காரில் கம்ப்யூட்டர் இருக்கிறது. தாங்காத கியரைக் கேட்டால் அது மறுத்துவிடும், இன்ஜின் பிழைக்கும். ஆனால் வளைவின் நடுவில் எதிர்பாராமல் வேகம் இழுபட்டால் ஓட்டுபவருக்கு ஒரு நொடி தூக்கிவாரிப் போடும்.

இதனால்தான் இரண்டு கட்சி உண்டானது. 1997இல் ஃபெராரி தன் எஃப்355 காரில் இந்தக் காதுகளைச் சாலைக்குக் கொண்டுவந்தபோது, அவற்றைச் சக்கரத்தில் வைக்கவில்லை. அடியில் இருக்கும் குழாயில் பொருத்தியது. சக்கரம் சுற்றும், காது நிற்கும். கை எந்த உயரத்தில் இருந்தாலும் எட்டட்டும் என்று இப்போது அவர்கள் காரில் காதுகள் நீள நீளமாக வாழையிலை நறுக்கு மாதிரி இருக்கின்றன. ஆல்ஃபா ரோமியோவும் அந்தக் கட்சி. ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ, ஆடி, போர்ஷே எல்லாம் சக்கரத்தோடு சுற்றும் கட்சி. போர்ஷே ஒரு காலத்தில் காதுகூட வைக்காமல், சக்கரத்தின் இரண்டு பக்கமும் கட்டைவிரலுக்கு ஒரே மாதிரிப் பொத்தான் வைத்துப் பார்த்தது. தள்ளினால் ஏறும், பின்னாலிருந்து இழுத்தால் இறங்கும். எந்தக் கையாலும் எதையும் செய்யலாம் என்பது அவர்கள் நினைப்பு. வாங்கியவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு சாதாரணக் காது கேட்டவர்களுக்கு அதையும் கொடுத்தார்கள்.

இந்தச் சண்டையில் நம் மாவட்டத்துக்கும் ஓர் இடம் உண்டு. பேரனுக்குத் தெரியாதது இதுதான்.

திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முதலில் மண் அள்ளும் ராட்சத இயந்திரங்கள்தான் செய்தது. அந்தப் பிரிவு பிறகு கேட்டர்பில்லர் கைக்குப் போனது. 1998இல் ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து லான்சர் காரை அங்கே செய்ய ஆரம்பித்தார்கள். அப்போது திருவள்ளூர் பக்கம் பஸ்ஸில் போகும்போது, நம்பர் பலகை இல்லாத புது லான்சர்கள் வரிசையாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு சீடியா வந்தது. இந்தியாவில் நடக்கும் ராலிப் பந்தயங்களில் ஒரு காலத்தில் சீடியாக்கள் நிறைய ஓடின. மண் சாலையில் புழுதி கிளப்பிப் பறந்த அந்த வண்டிகள் நம் திருவள்ளூர்ச் சரக்கு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2008இல் அவுட்லேண்டர் வந்தது. அதில் கியர் ஆட்டோமேட்டிக். வேண்டுமென்றால் நாமே மாற்றிக்கொள்ள ஸ்டியரிங்கின் பின்னால் மெக்னீசியம் உலோகத்தில் இரண்டு காதுகள், குழாயில் பொருத்தியவை. சக்கரத்தோடு சுற்றாதவை. 2010இல் மிட்சுபிஷியின் பெயர்பெற்ற வேகக் கார் லான்சர் எவல்யூஷன் இந்தியாவுக்கு வந்தது. அது முழுதாக ஜப்பானிலிருந்து இறக்குமதி. அதிலும் காதுகள் குழாயில்தான்.

எனக்கு இதில் ஒரு சந்தோஷம். அம்பாசிடருக்குக் கை கியர் வைத்து விற்ற அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், ஐம்பது வருடம் கழித்துத் திருவள்ளூரில் கியரை மறுபடி அதே குழாயில் கொண்டுவந்து வைத்தது. திட்டம் போட்டுச் செய்ததில்லை, வரைந்தது ஜப்பான்காரர்கள். இருந்தாலும் என் மாதிரிக் கை கியர் டிரைவருக்கு அது பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி.

பார்த்தது மட்டுமில்லை, ஓட்டியும் இருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு இரண்டு மூன்று வருடம் ஆக்டிங் டிரைவராகப் போய்க்கொண்டிருந்தேன். 2012இல் சென்னைக் குடும்பம் ஒன்றை அவர்களுடைய அவுட்லேண்டரில் திருமலைக்கு அழைத்துப் போனேன். ஏறும்போது காதுகளைத் தொடவே இல்லை, வண்டி தானே பார்த்துக்கொண்டது. இறங்கும்போதுதான் வேலை. எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். இறக்கப் பாதையின் ஒரு கொண்டையூசி வளைவுக்குள் நுழைந்து சக்கரத்தை அரைச் சுற்றுக்கு மேல் இழுத்தாயிற்று. இன்னும் ஒரு கியர் இறங்கினால் நல்லது என்று தோன்றியது. இடக்கை சக்கரத்தை விட்டு இடப்பக்கம் போனது. காது அங்கே இருந்தது. குளிர்ந்த உலோகம். இழுத்தேன். இன்ஜின் முனகி வண்டியைப் பிடித்தது. பின்சீட்டில் பெரியம்மா ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவர் தூக்கம் கலையவில்லை. எனக்கு அப்பாவின் கயிற்றுப் பிடி ஞாபகம் வந்தது.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு, மறைக்கக் கூடாது. நிசான் ஜிடி-ஆர் என்ற ஜப்பான் வேகக் காரில் முதலில் காதுகள் குழாயில்தான் இருந்தன. 2017 மாடலில் அவற்றைச் சக்கரத்துக்கு மாற்றிவிட்டார்கள். வளைவின் நடுவில் கையை எடுக்காமலே கியர் மாற்றலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த மாதிரிக் காரை ஓட்டுபவர் இரண்டு கையையும் இடம் மாற்றாமல் பிடித்து ஓட்டுவார். அவருக்குக் காது கையோடு வருவதுதான் சரி. குழாயில் இருந்தால் கை மேலே போகும்போது காது கீழே தங்கிவிடும், விரல் காற்றைத் துழாவும்.

பந்தயமும் நமக்குத் தூரமில்லை. போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்கு நானும் ஒரு தடவை சைக்கிளும் பஸ்ஸுமாகப் போயிருக்கிறேன். வெயிலில் மண்டை காய்ந்தது. ஓட்டுபவர்கள் ஒரு கையால் சக்கரத்தையும் மறு கையால் தண்டையும் பிடித்துக்கொண்டு வளைவில் போராடுவது வேலிக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்துவிட்டது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிச் சாலையிலேயே இரவுப் பந்தயம் நடந்ததல்லவா? ஆகஸ்ட் 31 அன்று மழை பெய்து, தொடங்குமா தொடங்காதா என்று டிவி முன்னால் உட்கார வைத்தார்கள். அதில் ஓடிய ஃபார்முலா 4 கார்களில் தண்டே இல்லை. ஆறு கியரும் சக்கரத்தின் காதுகளில்.

இன்னொரு வேடிக்கை. பேரனின் ஐ20 பிறந்தது இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்து ஹூண்டாய் தொழிற்சாலையில், பந்தயத் தடத்துக்கு அக்கம்பக்கம். அங்கே காது சுற்றும். திருவள்ளூரில் பிறந்த அவுட்லேண்டரில் காது சுற்றாது. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் ஒரு மணி நேரப் பயணம். (திருவள்ளூர்த் தொழிற்சாலையில் பிறகு கொஞ்ச காலம் இசுசு, 2021 முதல் பிரெஞ்சுக்காரர்களின் சிட்ரோயன். கட்டடம் அதேதான், முதலாளிகள்தான் மாறுகிறார்கள்.)

எனக்கு எது சரி என்று கேட்டால், முதலில் சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்று கேட்பேன். கை மாற்றாமல் ஓட்டக்கூடிய பந்தயக் கார் என்றால் சக்கரத்தில் வை. மலை ஏறி இறங்கவும், பொதட்டூர்பேட்டைத் தெருவில் தறிச்சத்தத்துக்கு நடுவே ஒடித்துத் திருப்பவும் வேண்டிய கார் என்றால், அது எவ்வளவு வேகமான காராக இருந்தாலும், குழாயில் வை, நீளமாக வை. வேகக் கார் வாங்குகிற நம்மவர்களும் கடைசியில் ஓட்டுவது கோயிலுக்கும் கல்யாணத்துக்கும்தானே.

மாசி மாதத்தில் பேரன் மறுபடி வந்தான். திருத்தணி மலைக்குப் போனோம். முன்சீட்டில் நான், பின்னால் மனைவியும் மைத்துனரும். மலைப் பாதையில் ஒரு வளைவில் அவன் காதை இழுத்தான். வண்டி எதிர்பார்த்ததற்கு மாறாகக் குலுங்கி மெதுவானது. "ச்சே" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே சிரித்துவிட்டு, "சரி தாத்தா, அந்த சுத்தாத வண்டி பேர் என்ன சொன்னீங்க?" என்றான். பின்னாலிருந்து மைத்துனர் எட்டிப் பார்த்தார்.

"மாமா, இதுல கியரு எங்க இருக்கு?"

"ஸ்டியரிங் பின்னாலப்பா."

"கையிலயா, கால்லயா?"

"கையிலதான்."

"அப்ப பரவாயில்ல" என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.